வர்ச்சுவல் காடு பண்றீங்களா? முதல்ல அதுல உக்கார ஒரு இடம் பண்ணுங்க

கேட்ட கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். வெளிய அதிகம் போக முடியாதவங்க, அதாவது வயசானவங்க, வீல்சேர்ல இருக்கறவங்க, ஸ்ட்ரோக் வந்து தேறிட்டு இருக்கறவங்க, இவங்களுக்காக ஒரு காடு, ஒரு ஆத்தங்கரை மாதிரி வர்ச்சுவலா பண்ணணும், மனசுக்கும் இதமா இருக்கணும், கை கால கொஞ்சம் அசைக்கற மாதிரியும் இருக்கணும், இதுக்கு கண்ண மூடற மாதிரி தலைல மாட்டற விஆர் ஹெட்செட் எது வாங்கலாம், எந்த என்ஜின்ல, அதாவது கேம் உருவாக்கற எந்த சாஃப்ட்வேர்ல பண்ணலாம், எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு கேட்டிருக்கீங்க.

நான் இந்த மாதிரி வேலைல சில வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க. ஹெட்செட் கேள்விக்கு பதில் கடைசில வரும், ஏன்னா அது கடைசி கேள்விதான். எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ரெண்டு மாசம் வீணாப் போச்சு.

முதல்ல இதுல உண்மையிலேயே பலன் இருக்கான்னு பாத்துடலாம். 1984ல ரோஜர் அல்ரிச் சயின்ஸ் பத்திரிகைல ஒரு சின்ன ஆய்வு போட்டார். பென்சில்வேனியால ஒரு ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்களோட பழைய ரெக்கார்ட எடுத்து, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க 23 பேர், செங்கல் சுவர் தெரிஞ்சவங்க 23 பேர்னு ஜோடி ஜோடியா ஒப்பிட்டார். மரம் பாத்தவங்க கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, வலிக்கு கடுமையான மருந்தும் கம்மியாத்தான் எடுத்துக்கிட்டாங்க. இத எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அது நிஜ ஜன்னல், அத மறந்துட்டு பேசுவாங்க. 2008ல பீட்டர் கான் குழு நிஜ ஜன்னல், அதே காட்சிய காட்டற பெரிய பிளாஸ்மா டிவி, வெறும் சுவர், மூணையும் வச்சுப் பாத்தாங்க. லேசா டென்ஷன் ஆன ஆளுக்கு இதயத் துடிப்பு பழைய நிலைக்கு வர்ற வேகம் ஜன்னல் பக்கம் நல்லா இருந்துச்சு, டிவிக்கும் வெறும் சுவருக்கும் வித்தியாசமே தெரியல. எனக்கு இது ரொம்ப பிடிச்ச ஆய்வு, நம்மள தரைல நிக்க வைக்கும். அப்புறம் 2020ல எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்துல, ஆளுங்கள முதல்ல ஒரு போரடிக்கற வீடியோ பாக்க வச்சு, அப்புறம் கடலுக்கடியில பவளப்பாறைய சிலருக்கு டிவில, சிலருக்கு ஹெட்செட்ல தலைய திருப்பி சுத்தி எல்லாப் பக்கமும் பாக்கற 360 டிகிரி வீடியோவா, சிலருக்கு கம்ப்யூட்டர்ல உருவாக்கின, நாம ஏதாவது பண்ணா பதில் சொல்ற உலகமா காட்டினாங்க. மூணுமே சலிப்ப குறைச்சுது, ஆனா மனசு சந்தோஷமாறதுல மூணாவதுதான் முன்னாடி இருந்துச்சு. எனக்கு இதுல இருந்து புரிஞ்சது, படம் எவ்வளவு துல்லியம்ங்கறத விட அந்த இடம் நம்மள கவனிக்குதா, நாம இருக்கறது அதுக்குத் தெரியுதாங்கறது பெரிய விஷயம். அத வச்சுத்தான் மீதி எல்லாம் சொல்லப் போறேன்.

நாங்க பண்ண முதல் வெர்ஷன்ல ஒரு ஆத்தங்கரை பாதை, உக்காந்தபடி பெடல் மிதிச்சா பாதைல முன்னாடி போகும். போகப் போக புதுப் புது காட்சி, மரப்பாலம், அருவி, கடைசில ஒரு பெரிய ஏரி. ஏரிக்குத்தான் அவ்வளவு உழைச்சோம். டெஸ்ட் முடிஞ்சு கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்ச லாக் எடுத்துப் பாத்தா ஒரு ஐயா 15 நிமிஷத்துல மொத்தம் 12 மீட்டர்தான் போயிருக்கார். சென்சார் போச்சுன்னு நினைச்சு எல்லாத்தையும் கழட்டிப் பாத்தோம், சென்சார் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் அவர்கிட்டயே கேட்டா, "அங்க ஒரு மீன்கொத்தி உக்காந்துச்சுப்பா, நான் போனா பறந்துடும்னு நின்னுட்டேன்"ங்கறார். அந்த மீன்கொத்தி எங்க ஆளு ஒருத்தர் சும்மா விளையாட்டா வச்சது, தலைய ஆட்டும், வேற ஒன்னும் பண்ணாது. பறக்கவே பறக்காது! ஆனா அவரு அதுக்காக 10 நிமிஷத்துக்கு மேல காத்துட்டு இருந்திருக்கார்.

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. லேசான எக்சர்சைஸ்னு பண்றவங்க எல்லாரும் நகர்றதுக்குத்தான் பரிசு வைக்கறாங்க, நின்னா அங்க ஒன்னுமே இல்ல, உலகம் உறைஞ்சு போயிடும், இல்லன்னா "தொடர்ந்து மிதியுங்கள்"னு ஒரு குரல் வந்து உயிர வாங்கும். நிஜக் காடு அப்படியா இருக்கு? நீங்க சத்தம் போட்டு நடந்தா எல்லாம் ஒளிஞ்சுக்கும், அசையாம உக்காந்தாதான் ஒவ்வொன்னா வெளிய வரும். சீக்கிரம் களைச்சுப் போறவங்களுக்கு நிக்கறது தோல்வியா தெரியக்கூடாது, நின்னாத்தான் கிடைக்கற ஒன்னு அங்க இருக்கணும்.

அதனால இப்ப நான் எந்த இடம் பண்ணாலும் நிக்கற இடங்கள முதல்ல பண்ணிட்டு, பாதைய அதுக்கு நடுவுல போடறேன். ஒவ்வொரு 30, 40 மீட்டருக்கும் ஒரு பெஞ்ச், ஒரு விழுந்த மரம், ஒரு பாறை, முதுகுக்குப் பின்னாடி ஏதாவது மறைவு, முன்னாடி திறந்த வெளி. ஜே ஆப்பிள்டன்னு ஒரு புவியியலாளர் 1975லயே சொன்னார், மறைஞ்சு இருந்துகிட்டு தூரம் பாக்க முடியற இடத்துலதான் மனுஷனுக்கு நிம்மதின்னு. வர்ச்சுவல்ல இது இன்னும் அதிகம்னு என் அனுபவம், ஏன்னா ஹெட்செட் போட்டவருக்கு நிஜ ரூம்ல பின்னாடி யாரு நிக்கறாங்கன்னே தெரியாது, அந்த பயம் உள்ள ஓடிட்டே இருக்கும், அதனால பின்னாடி ஒரு பாறையோ பெரிய அடிமரமோ இருந்தா தோள் தானா இறங்கறத நீங்களே பாக்கலாம். நின்னு ஒரு 20 நொடி ஆச்சுன்னா தவளை சத்தம் திரும்ப ஆரம்பிக்கும், 40 நொடில தண்ணிக்கு மேல மீன் வாய் வைக்கும், ஒரு நிமிஷம் தாண்டினா அணில் இறங்கி வரும். இதுக்கு ஸ்கோர் போடாதீங்க, "அணில் திறக்கப்பட்டது"ன்னு எழுதாதீங்க தயவுசெஞ்சு. உளவியல் ஆய்வாளர்களான கப்லான் தம்பதி இயற்கைல கவனம் ஓய்வெடுக்கறதப் பத்தி எழுதினதுல முக்கியமான ஒன்னு இதுதான், இலை அசையறது, தண்ணி நெளியறது எல்லாம் கவனத்த மெதுவா இழுக்கும், பிடுங்காது. ஸ்கோர் பிடுங்கும்.

சரி, நகர்ற விஷயத்துக்கு வருவோம், இங்கதான் பெரிய ஆபத்தும் இருக்கு. கண்ணு நகர்றோம்னு சொல்லுது, உள்காது "இல்ல, உக்காந்துதான் இருக்கோம்"னு சொல்லுது, ரெண்டுக்கும் சண்டை வந்தா வயித்தப் பிரட்டும். இதுல எனக்கு ரொம்ப உதவின விதி ஒன்னுதான், வேகம் மாறறதுதான் பிரச்சனை, வேகம் இருக்கறது அவ்வளவு பிரச்சனை இல்ல. ஒரே சீரான நடை வேகம் பல பேருக்கு ஒத்துக்கும், ஆனா முடுக்கம், திடீர் பிரேக், பக்கவாட்டுல வளையறது, தலை மேலயும் கீழயும் ஆடற மாதிரி கேமரா குலுங்கறது, இதெல்லாம் ஆகாது. நடக்கற மாதிரி நிஜமா தெரியட்டும்னு சிலர் கேமராவ குலுக்குவாங்க, அத மொதல்ல எடுத்துடுங்க. திரும்பறதுக்கு சுத்தறத காட்டாம 30 டிகிரி 30 டிகிரியா டக்னு மாத்தறது நல்லது, போகும்போது ஓரத்த லேசா இருட்டாக்கறதும் உதவும், அதுல 2016ல கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்னு இருக்கு, பார்வைப் பரப்ப நைசா குறைச்சா பல பேருக்கு அது குறைஞ்சதே தெரியாது, ஆனா குமட்டல் கம்மியாச்சு. ஒரு ஃபேன் முன்னாடி வச்சு மெதுவா காத்து விட்டாலும் பலன் இருக்கு, செலவே இல்லாத தந்திரம் அது.

பெடல் விஷயத்துல நாங்க பண்ண ஒரு தப்ப சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. சாதாரணமா பெடல்ல ஒரு சின்ன காந்தம், காந்தம் கிட்ட வந்தா ஆன் ஆகற ஒரு ரீட் ஸ்விட்ச், ஒரு சுத்துக்கு ஒரு பல்ஸ், அதாவது ஒரு சிக்னல். ரெண்டு செகண்ட் பல்ஸ் வரலன்னா ஆள் நின்னுட்டார்னு கோட்ல எழுதி வச்சிருந்தோம். எங்க எல்லாருக்கும் சூப்பரா ஓடிச்சு, நாங்க நிமிஷத்துக்கு 50, 60 சுத்து மிதிக்கற ஆளுங்க. டெஸ்ட்டுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு முட்டி வலி, நிமிஷத்துக்கு 20 சுத்துதான், அப்படின்னா 3 செகண்டுக்கு ஒரு பல்ஸ். அப்ப என்ன ஆகும்? ரெண்டு செகண்ட்ல உலகம் நிக்கும், மூணாவது செகண்ட்ல மறுபடி கிளம்பும், நிக்கும், கிளம்பும். ஒழுங்கா, விடாம மிதிச்சுட்டு இருக்காங்க பாவம், ஆனா காடு குதிச்சுக் குதிச்சு போகுது. நாலு நிமிஷத்துல வேர்த்துப் போயி கழட்டிட்டாங்க, "எனக்கு சரியா மிதிக்கத் தெரியல போல"ன்னு சொன்னாங்க பாருங்க, அது இன்னும் உறுத்துது. அப்புறம் நாலு காந்தம் ஒட்டினோம், 20 சுத்துக்கும் முக்கால் செகண்டுக்கு ஒரு பல்ஸ் வந்துடுச்சு, வேகத்த சராசரி எடுத்து மெதுவா ஏறி மெதுவா இறங்கற மாதிரி மாத்தினோம். மிதிக்கற வேகத்துக்கும் காட்சி வேகத்துக்கும் நேர் கணக்கு வேணாம்னும் அப்பத்தான் முடிவு பண்ணோம். 20க்கு மேல யாரு எவ்வளவு மிதிச்சாலும் அதே நடை வேகம். வேகமா மிதிச்சவனுக்கு வேகமா காடுன்னு வச்சா மெதுவா மிதிக்கறவங்களுக்கு தண்டனைதானே.

வேகத்துக்கு மேல் வரம்பு வைக்க இன்னொரு காரணம் இருக்கு, இத நிறைய பேர் யோசிக்கறதில்ல. பாதை ஓரம் மரம் வரிசையா ஒரு மீட்டர் இடைவெளில நிக்குது, சூரியன் பக்கவாட்டுல தாழ்வா இருக்குன்னு வைங்க. நொடிக்கு 4 மீட்டர் வேகத்துல போனா கண்ணுல நொடிக்கு 4 தடவை வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல்னு அடிக்கும். நொடிக்கு 3 தடவைக்கு மேல எதுவும் பளிச்சிடக் கூடாதுன்னு இணைய அணுகல் விதிகள்லயே இருக்கு, ஏன்னா ஒளிக்கு வலிப்பு வர்றவங்களுக்கு அது தூண்டுதல். மரங்களுக்கு நடுவுல வர்ற வெயில் நிஜத்துலயே அப்படி தூண்டும். அதே பாதைல நொடிக்கு 1 மீட்டர்னா நொடிக்கு ஒரு தடவைதான். இல்ல சூரியன உச்சிக்கு ஏத்துங்க, இல்ல மரத்த கலைச்சுப் போடுங்க. அழகான சாயங்கால வெயில்தான் வேணும்னு ஆர்ட்டிஸ்ட் அடம் பிடிப்பாங்க, பெஞ்ச் கிட்ட குடுத்துடுங்க, அங்கதான் யாரும் நகர்றதில்லயே.

கை அசைக்கற எக்சர்சைஸ் இன்னொரு பக்கம். இலை பறிக்கறது, கிளைய ஒதுக்கறது, தண்ணிய தொடறது. இதுல எல்லாருக்கும் ஒரே உயரத்துல பொருள வைக்காதீங்க. ஆரம்பத்துலயே ஒரு நிமிஷம் ஒதுக்கி, வலிக்காம கை எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு நீட்டச் சொல்லுங்க, வலது தனி, இடது தனி, அத பதிஞ்சு அதுல ஒரு 80 சதவீதத்துக்குள்ளதான் பூவும் இலையும் வரணும். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் ஒரு கை தோள் அளவு கூட ஏறாது, இன்னொரு கை முழுசா ஏறும். ரெண்டு கையும் சேத்து பண்ற செயல் எதுவா இருந்தாலும் ஒத்தக் கைலயும் பண்ண வழி வைக்கணும், கைல பிடிக்கற கன்ட்ரோலர்ல ட்ரிக்கர் பட்டன அமுக்கிட்டே ஸ்டிக்க தள்றதெல்லாம் கூடவே கூடாது. இன்னொன்னு, சில பேருக்கு ஸ்ட்ரோக்ல ஒரு பக்க உலகமே கவனத்துல இருந்து போயிடும், பெரும்பாலும் இடது பக்கம். கண்ணு நல்லாத்தான் இருக்கும், ஆனா இடது பக்கம் இருக்கற மான் அவங்களுக்கு இல்லவே இல்ல. அவங்களுக்கு முக்கியமான பட்டன இடது ஓரத்துல வச்சா தேடித் தேடி நொந்து போவாங்க. மான வலது பக்கத்துல காட்டி மெதுவா இடது பக்கம் நடக்க விட்டா பார்வை கூடவே போகலாம், ஆனா இத பயிற்சியா பண்றதுன்னா பிசியோவோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ பக்கத்துல இருக்கணும், நாமளா டாக்டர் ஆயிட வேணாம்.

பட்டாம்பூச்சி கைல வந்து உக்கார்ற மாதிரி ஒன்னு பண்ணோம், கை அசையாம இருந்தா வரும். கேக்க அழகா இருக்குல்ல? கை நடுக்கம் இருக்கறவங்களுக்கு அது எவ்வளவு கொடுமைன்னு டெஸ்ட்லதான் தெரிஞ்சுது. பார்கின்சன் நடுக்கம் நொடிக்கு 4ல இருந்து 6 தடவை, எங்க சென்சார் அதையெல்லாம் அசைவுன்னு கணக்கு பண்ணுச்சு, பூச்சி கிட்ட வரும், ஓடிடும், வரும், ஓடிடும். கை இருக்கற இடத்த ஒரு அரை செகண்ட் சராசரியா எடுத்தா நடுக்கம் கரைஞ்சுடும், கை உண்மைலயே போற பாதை மட்டும் மிஞ்சும். பத்து வரி கோட். அந்த மாத்தத்துக்கு அப்புறம் வந்த அமைதி வேற மாதிரி.

எவ்வளவு உழைப்புன்னு எப்படி அளக்கறதுன்னு கேப்பீங்க. இதயத் துடிப்ப டார்கெட்டா வைக்காதீங்க, இதயத் துடிப்ப மெதுவாக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்கறவங்களுக்கு துடிப்பு அவ்வளவா ஏறாது, மெஷின் "இன்னும் வேகமா"ன்னு சொல்லும், அவங்க மூச்சு வாங்கிட்டு இருப்பாங்க. எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு அவங்களே எண்ல சொல்ற, குன்னர் போர்க் போட்ட 6ல இருந்து 20 வரைக்கும் உள்ள உழைப்பு அளவுகோல் இருக்கு, அதுல 11 கிட்ட இருந்தா லேசானது. அதையும் விட சுலபம், பேச முடியுதான்னு பாக்கறது. மூச்சு முட்டாம முழு வாக்கியம் பேச முடிஞ்சா நாம நினைக்கற லேசான அளவுக்குள்ளதான் இருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்புங்கற கணக்க இதுல திணிக்காதீங்க, அதே வழிகாட்டிலதான் கொஞ்சமா பண்றதும் ஒன்னுமே பண்ணாம இருக்கறதுக்கு மேலன்னும் இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு அந்த வரிதான். நெஞ்சு வலி, சமீபத்துல ஆபரேஷன், அடிக்கடி மயக்கம் இதெல்லாம் இருந்தா டாக்டர கேக்காம ஆரம்பிக்க வேணாம். ஹெட்செட் போட்டுக்கிட்டு ட்ரெட்மில்ல நிக்கறது, நின்னு பேலன்ஸ் பண்றதெல்லாம் வேணவே வேணாம், கைப்பிடி வச்ச, சக்கரம் இல்லாத நாற்காலிதான். வீல்சேர்னா பிரேக் போட்டாச்சான்னு ரெண்டு தடவை பாக்கணும்.

கண்ணுக்கு வருவோம். வயசாக ஆக கண் லென்ஸ் மஞ்சளாகும், உள்ள போற வெளிச்சமும் நல்லாவே குறையும், அதனால நம்ம மானிட்டர்ல மர்மமா அழகா தெரியற அடர்காடு அவங்களுக்கு வெறும் இருட்டு. டிமென்ஷியா, அதாவது மறதி நோய் இருக்கறவங்களுக்கு தரைல விழற கருப்பு நிழல் பள்ளமா தெரியலாம், பளபளப்பான தரை தண்ணியா தெரியலாம். நிஜக் கட்டடங்கள்ல கருப்பு மிதியடி போட்டா தாண்ட பயப்படுவாங்கன்னு பராமரிக்கறவங்களுக்கு நல்லா தெரியும், அதேதான் இங்கயும். பாதை மட்டும் ஒரே வெளிர் நிறமா, நிழல் மென்மையா இருக்கட்டும். எழுத்து இருந்தா பெருசா, பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைஞ்சது 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்), இலை மேல நேரா எழுதாதீங்க, பின்னாடி ஒரு பலகை வைங்க. பச்சைக் காட்டுல சிவப்புப் பழத்த தேடச் சொல்றதும் வேணாம், சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்கு ரெண்டும் ஒன்னு, பழம் லேசா ஆடட்டும், இல்ல உருவமே பெருசா வேற மாதிரி இருக்கட்டும்.

நிஜ இடத்த 360 கேமராவுல எடுக்கறதா இருந்தா உயரத்த கவனிங்க. எல்லாரும் நின்ன ஆள் உயரத்துல, 1.6 மீட்டர்ல ஸ்டாண்ட் வைக்கறாங்க, பாக்கறவர் உக்காந்திருக்கார், அவர் கண்ணு தரைல இருந்து கிட்டத்தட்ட 1.2 மீட்டர்தான். குனிஞ்சு பாத்தா தரை ரொம்ப கீழ இருக்கும், நாற்காலியோட மிதக்கற மாதிரி ஒரு கலக்கம். 1.2ல எடுங்க, புல்லு கிட்ட வரும், வீல்சேர்ல இருக்கறவங்களும் "இது என் உயரம்"னு உடனே கண்டுபிடிப்பாங்க. 4கே 360 வீடியோன்னு சொல்றத நம்பி ஏமாறாதீங்க, 3840 பிக்சல் முழு வட்டத்துக்கும் சேத்து, ஒரு நேரத்துல கண்ணு முன்னாடி இருக்கற 90 டிகிரிக்கு 960தான் வரும், இலையெல்லாம் பச்சைச் சாந்து மாதிரி இருக்கும். 8கேன்னாத்தான் 1920 கிடைக்கும். கேமராவ மட்டும் நகர்த்தவே நகர்த்தாதீங்க.

காது விஷயம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, இதுல எல்லாரும் கோட்டை விடறாங்க. வயசான காதுல மேல் ஸ்தாயிதான் முதல்ல போகும், ஆனா சின்னப் பறவைங்களோட சத்தம் பெரும்பாலும் அங்கதான் இருக்கு. நீங்க ஆசையா 12 பறவை போட்டிருப்பீங்க, கேக்கறவருக்கு ரெண்டுதான் கேக்கும், காடு செத்துப் போன மாதிரி இருக்கும். புறா குனுகறது, ஆந்தை, தவளை, மூங்கில் உரசறது, இதெல்லாம் கீழ் ஸ்தாயில நல்லா கேக்கும், இத வச்சு அடித்தளம் போட்டுட்டு மேல குருவிங்கள தூவுங்க. ஹியரிங் எய்ட் போட்டவங்களுக்கு இன்னொரு சிக்கல், பல கருவிங்க ஒரே சீரா வர்ற சத்தத்த இரைச்சல்னு நினைச்சு அமுக்கிடும், உங்க அருவிய அது ஃபேன் சத்தம்னு நினைக்கும்! ஓடைல சீரான சலசலப்ப விட கல்லுல மோதி "களக் களக்"னு வர்ற தனித்தனி சத்தம் தப்பிச்சு வரும். எல்லா சத்தத்தையும் ஒரே நீளத்துல லூப் போடாதீங்க, ஒன்னு 47 செகண்ட், ஒன்னு 71 செகண்ட்னு ஒட்டாத நீளமா வைங்க, இல்லன்னா நாலாவது நிமிஷத்துல "இந்தக் குருவி மறுபடி வருதே"ன்னு பிடிச்சுடுவாங்க, அப்புறம் மனசு அதையே எண்ணிட்டு இருக்கும்.

பார்வையே இல்லாதவங்களுக்கும் இது வேலை செய்யணும்னா சத்தம் திசையோட வரணும், தலைய திருப்பினா ஓடை காதுக்குப் பின்னாடி போகணும், மண், சருகு, மரப்பலகைன்னு காலடி மாறணும், அப்புறம் வேணும்னா கேக்கற மாதிரி ஒரு மனுஷக் குரல், "வலது பக்கம் தண்ணி, எதிர்ல ரெண்டு பெரிய மரம்"னு. காது கேக்காதவங்களுக்கு எங்க இருந்து சத்தம் வருதோ அந்தப் பக்கம் இலை அசைஞ்சா போதும், ஒவ்வொன்னுக்கும் எழுத்து தேவையில்ல. குரல்ல சொல்ற வழிமுறைக்கு மட்டும் எழுத்து கட்டாயம்.

நிறுத்தற பட்டன் பத்தி ஒன்னே ஒன்னு. மெனுவுக்குள்ள தேடற மாதிரி வைக்காதீங்க. ஹெட்செட்ட தூக்கினாலே நிக்கணும், திரும்ப போட்டா விட்ட இடத்துலயே, ஒரு பெஞ்சுலதான் ஆரம்பிக்கணும். பக்கத்துல இருக்கறவருக்கு உள்ள தெரியறது ஒரு டேப்லெட்ல தெரியணும், அப்பத்தான் "அந்த மரம் தெரியுதா"ன்னு பேச முடியும். தேர்வு பண்றதுக்கு எதையாவது ஒன்றரை செகண்ட் பாத்துட்டே இருந்தா போதும்னு வைங்க, சுத்தி ஒரு வளையம் நிரம்பட்டும், ஆனா அந்த நேரத்த மாத்தற வசதியும் வேணும், சில பேருக்கு ரெண்டரை செகண்டாவது வேணும்.

இப்ப ஹெட்செட். உண்மைய சொன்னா பாதிப் பேருக்கு அது வேண்டியதே இல்ல. சுவர்ல பெரிய டிவி, நல்ல ஸ்பீக்கர், கீழ பெடல், இது போதும், கண்ணாடி கழட்ட வேணாம், குமட்டல் ரொம்ப குறைவு, கூட இன்னொருத்தர் உக்காந்து பேசிட்டே பாக்கலாம். டிவில பலன் இல்லன்னு மேல நானே ஒரு ஆய்வு சொன்னேன்தான், ஆனா அது சும்மா தொங்கற டிவி, மிதிச்சா நகர்ற, நின்னா அணில் வர்ற டிவி வேற. படுக்கைல இருக்கறவங்க, ரூம் ரொம்ப இரைச்சல்னு இருக்கறவங்களுக்கு ஹெட்செட் அருமையா இருக்கும், தீக்காயத்துக்குக் கட்டு மாத்தற நேரத்துல வலிய மறக்க வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல பனி உலகம் ஒன்னு பண்ணாங்க, கவனத்த அந்த அளவுக்கு மொத்தமா எடுத்துக்க வேண்டிய இடத்துல அதுக்கு ஈடு இல்ல. வாங்கறதா இருந்தா மாடல் பேர விட இத பாருங்க: எடை அரை கிலோ கிட்ட பலதுக்கும் இருக்கும், ஆனா அது முகத்துல தொங்குதா, தலைக்குப் பின்னாடியும் பகிர்ந்து இருக்கா, கண்ணாடியோட போட முடியுதா, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல உள்ள இடைவெளிய நல்லா கூட்டிக் குறைக்க முடியுதா, பட்டை ஹியரிங் எய்ட்ட நசுக்குதா, முகத்துல படற பகுதிய கழட்டி துடைக்க முடியுதா. முதல் தடவை 5 நிமிஷம், அதுக்கு மேல அவங்களே கேட்டாலும் குடுக்காதீங்க.

என்ஜின் யூனிட்டியா அன்ரியலானு கேட்டிருந்தீங்க, உங்களுக்கு எது தெரியுமோ அது. ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருதுங்கறது, விழாம இருக்கறதுதான் முக்கியம், அதுக்காக இலைய குறைக்கணும்னா குறைங்க.

டெஸ்ட் பண்ணும்போது "பிடிச்சிருக்கா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் மரியாதைக்கு ஆமான்னுதான் சொல்லுவாங்க. 1993ல வந்த சிமுலேட்டர் குமட்டல் கேள்வித்தாள்ல 16 அறிகுறி இருக்கு, அத்தனையும் கேட்டா களைச்சுடுவாங்க, வயிறு, தலை, கண்ணு, கிறுகிறுப்பு, இந்த நாலையும் முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை, முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை கேளுங்க. மீதிய கண்ணால பாருங்க, கை நாற்காலிப் பிடிய இறுக்கிப் பிடிச்சிருக்கா, எந்த இடத்துல விரல் தளருது, எங்க தலைய திருப்பறாங்க, எங்க யாருமே திருப்பல. அடுத்த வாரம் அவங்களா வந்து "இன்னைக்கு இருக்கா?"ன்னு கேக்கறாங்களானு பாருங்க.

ஆரம்பிக்க ஒரே ஒரு இடம் போதும். ஒரு பெஞ்ச், முன்னாடி தண்ணி, மூணு நிமிஷம், பாதையே வேணாம். ஒரு டிவில போட்டு, உங்க ஆளுங்கள்ல அஞ்சு பேர ஒவ்வொருத்தரா உக்கார வச்சு, நீங்க திரைய பாக்காம அவங்க முகத்த பாருங்க. பாதைய அப்புறம் போடலாம். அந்த ஐயாவோட மீன்கொத்திக்கு நாங்க பிற்பாடு பறக்கவும் சொல்லிக் குடுத்தோம், ஆனா ரொம்ப நேரம் அசையாம இருந்தா மட்டும், அதுவும் இந்தக் கரைல இருந்து எதிர்க்கரைக்கு. அவர் அத முதல் தடவை பாத்தப்ப 14வது நிமிஷம், பெடல்ல கால் கூட வைக்கல. ரெண்டாவது வாரம் அவரா கேட்டார், "எதிர்க்கரைக்குப் போக எவ்வளவு மிதிக்கணும்?"